வன்னிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: அடுப்படியும் சாப்பாட்டுக்கடையும்

தமிழகத்திலிருந்து தொழிலுக்காகவோ கற்பிக்கவோ வருபவர்கள், அங்குள்ள முகாம்களில் பிறந்து வளர்ந்து பெற்றோரின் காணியைத் தேடி வருபவர்கள், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து ஓராண்டு ஈராண்டு தங்கிப்போக வருபவர்கள் என்று இலங்கையின் வடக்கே வன்னி எனப்படும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களுக்குப் புதிய தமிழர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். மொழி ஒன்றுதானே, சாப்பாட்டுக்கு என்ன குறை என்று எண்ணி வந்து, முதல் வாரத்திலேயே பலசரக்குக் கடையில் பேச்சு விளங்காமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரான்சில் பதினேழு ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் வேலை செய்துவிட்டு 2014 இல் கிளிநொச்சிக்குத் திரும்பிய நானும் அப்படி நின்றவன்தான்.

இங்கே வந்து உடம்பு கெட்டுப்போயிற்று என்று சொல்பவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், காலையில் பாண் (பிரெட்), பத்து மணிக்கு ரோல்ஸ், மத்தியானம் சோற்றுப் பார்சல், இரவில் கொத்துறொட்டி என்று பதில் வரும். இது வன்னிச் சாப்பாடு அன்று, வீதியோரச் சாப்பாடு. வயலும் குளமும் கடலும் காடும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இடத்தில், எந்த மாதத்தில் எது மலிவாக வருகிறது என்று பார்த்துச் சமைக்கப் பழகிவிட்டால், நலமாகச் சாப்பிடுவதற்கென்று தனி முயற்சி பெரிதாகத் தேவைப்படாது.

கடையில் கேட்கும் சொற்கள்

தமிழகத்திலிருந்து வருபவர்கள் முதலில் பழக வேண்டியது சொற்களை. ‘தேங்காய்ப்பூ’ என்றால் இங்கே முளைத்த தேங்காயின் உள்ளிருக்கும் பூ அன்று, திருவிய தேங்காய். ‘கச்சான்’ என்பது நிலக்கடலை. திருமுறிகண்டிப் பிள்ளையாரிடம் பேருந்து நிற்கும்போது எல்லோரும் இறங்கி வாங்குவது அதைத்தான். ‘பருப்பு’ என்று மட்டும் சொன்னால் சிவப்பு மைசூர்ப் பருப்பைத்தான் நிறுத்துத் தருவார்கள். துவரையோ பாசிப்பருப்போ வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘மா’ என்பதில் கோதுமை மா, அவித்த கோதுமை மா, பச்சையரிசி மா, வறுத்த அரிசி மா, குரக்கன் (கேழ்வரகு) மா, ஒடியல் மா என்று பல வகை உண்டு. தேங்காய்ப்பூ சேர்த்து உலர்த்திப் பிரட்டும் கீரை ‘வறை’ எனப்படும். குழம்பு என்று ஒன்றைத் தேடாதீர்கள், பெரும்பாலானவை ‘கறி’தான். மரக்கறி, மீன்கறி, வெள்ளைக்கறி, பால்கறி என்று அது விரியும்.

சிக்கல் பெரிதாவது ‘தூள்’ என்ற சொல்லில். இந்த வீடுகளில் தூள் என்றாலே மிளகாயை மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் முதலியவற்றோடு சேர்த்து வறுத்து ஆலையில் திரித்த கறித்தூள்தான். வெறும் மிளகாய்த்தூளுக்குத் ‘தனி மிளகாய்த்தூள்’ என்று பெயர். திருச்சியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் என் வீட்டின் பின் அறையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். சாம்பார் வைக்கிறேன் என்று நம்முடைய தூளை மூன்று கரண்டி போட்டுவிட்டு, நிறம் கறுத்துப் போயிற்றே என்று சட்டியோடு வந்து நின்றார். அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி இருவரும் சாப்பிட்டோம். சாம்பார் என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. ‘சரக்குத்தூள்’ என்பது இவற்றிலிருந்து வேறானது. மிளகும் மல்லியும் சீரகமும் மஞ்சளும் சேர்ந்த அதில் மிளகாய் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கும் வைக்கும் கறிக்கு அதைப் போடுவார்கள். காரத்தைக் குறைக்க விரும்புபவர்கள் இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அரிசியும் மாவும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னாரில் கட்டுக்கரை என்று குளங்களை நம்பியே இங்கே நெல் விளைகிறது. மாரி மழையோடு விதைக்கும் காலபோகம் தை, மாசியில் அறுவடையாகும். குளத்தில் நீர் மிஞ்சினால் சிறுபோகமும் உண்டு. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு பொதிசெய்த வெள்ளை அரிசியைக் கடையில் வாங்குவது எனக்கு இன்றுவரை விளங்காத பழக்கம். அயலில் உள்ள ஆலையில் சிவப்புக் குத்தரிசி கேளுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களை இன்னும் சிலர் விதைக்கிறார்கள். அவை கிடைத்தால் சற்றுக் கூடிய விலையென்றாலும் வாங்கலாம். தவிடு முழுவதும் தீட்டப்படாத அரிசியில் நாரும் பீ வகை உயிர்ச்சத்துகளும் தங்கியிருப்பதோடு, அரைவயிறு சாப்பிட்டவுடனேயே போதுமென்ற உணர்வும் வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: சிவப்பு அரிசியும் அரிசிதான். நீரிழிவு உள்ளவர்கள் நிறத்தை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயன் எதுவும் இல்லை.

குத்தரிசியை ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, நிறைய நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். சிறிய ஆலைகளின் அரிசியில் கல் இருக்கும். உட்புறம் வரிவரியாகக் கீறிய அரிக்கன் சட்டி ஒன்று வாங்கி, அரிசி அரிப்பதை அயல்வீட்டு அம்மா ஒருவரிடம் பழகிக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் சேர்த்துப் பிசைந்தால் பழஞ்சோறு. பாணுக்கு அதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

காலையும் இரவும் பிட்டு, இடியப்பம்தான் வழக்கம். பிட்டு வராமல் போவதற்குக் காரணம் எப்போதும் நீர்தான். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி எனக்குக் காட்டித் தந்த முறை இது: வறுத்த சிவப்பரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கொஞ்சம் கலந்து, உப்புப் போட்டு, கொதித்துச் சற்று ஆறிய நீரை ஒரே தடவையில் ஊற்றாமல் கரண்டி கரண்டியாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறிக்கொண்டே போக வேண்டும். மா கட்டிகட்டியாக வந்ததும் ஒரு தகரப்பேணியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் கட்டிகளைக் கொத்திக்கொண்டே இருந்தால், அவை மிளகளவு உருண்டைகளாகச் சிறுக்கும். நான் ஐந்து நிமிடத்தில் கையை எடுத்தபோது, “தம்பி, கை நோகுதெண்டு விடாதை, இன்னும் கொத்து” என்றார். பிறகு தேங்காய்ப்பூ தூவி, நீற்றுப்பெட்டியில் இட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்து, ஆவி மேலே வரும்வரை அவிக்க வேண்டும். ஓலையால் இழைத்த அந்தப் பெட்டி சந்தையில் கிடைக்கிறது. உலோகக் குழலில் அவிப்பதைவிட இதில் பிட்டு ஈரம் கட்டாமல் வரும். கோதுமை மாவைக் குறைத்து அரிசி மாவையோ குரக்கன் மாவையோ கூட்டிக்கொண்டே போவதுதான் நலம் தேடுபவர்கள் செய்யக்கூடிய எளிய மாற்றம். முதல் தடவையே முழுக் குரக்கனில் தொடங்கினால் பிள்ளைகள் பிட்டையே வெறுத்துவிடுவார்கள். நாலில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள்.

ஒடியல் மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனங்கிழங்கை அவிக்காமல் கீறிக் காயவைத்து இடித்த இந்த மாவை அப்படியே கூழில் கரைத்தால் கசக்கும். நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்றிப் பிழிந்த பின்பே பயன்படுத்த வேண்டும். அவித்துக் காயவைத்த கிழங்கு புழுக்கொடியல். அதற்கு இந்தக் கவலை இல்லை, தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடித்துச் சாப்பிடலாம்.

சட்டியில் என்ன போடுவது

கிளிநொச்சிச் சந்தையில் கரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்) ஆகியவை பளிச்சென்று முன்வரிசையில் இருக்கும். அவை மலைநாட்டில் விளைந்து, பெரும்பாலும் தம்புள்ளைச் சந்தையைச் சுற்றி லொறியில் வருபவை. விலையும் அதற்கேற்ப இருக்கும். பின்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பயற்றங்காய், கத்தரி, வெண்டி, பாகல், பூசணி, வாழைப்பொத்தி, முருங்கைக்காய் எல்லாம் அன்று காலை பறித்தவையாக இருக்கும். கீரைக்குத் தனியாகச் செலவழிக்கவே தேவையில்லை. முருங்கை ஒன்று இல்லாத வளவு அரிது. பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, முளைக்கீரை ஆகியவை நாள்தோறும் வரும். முசுட்டையும் தூதுவளையும் வேலியில் படரும். வல்லாரையைப் பச்சையாக நறுக்கி, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியும் சேர்த்துச் சம்பலாக்குவது ஐந்து நிமிட வேலை.

உழுந்து, பயறு, கௌபி, எள்ளு ஆகியவை வன்னி மண்ணுக்கு உரிய பயிர்கள். பயற்றையோ கௌபியையோ அவித்துத் தேங்காய்ப்பூவோடு காலை உணவாகச் சாப்பிடுவது இங்கு சாதாரணம்; வெளிநாட்டிலிருந்து புரதப் பொடியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மீன் விடயத்தில் நீங்கள் எந்தக் கரைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். முல்லைத்தீவுக் கடல் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது ஐப்பசி முதல் மார்கழிவரை, கொந்தளித்துக் கிடக்கும். அப்போது மீன் குறைந்து விலை ஏறும். அந்நாட்களில் குளத்து மீனும் கருவாடும்தான் கைகொடுக்கும். மற்றைய காலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, ஒலியெழுப்பியபடி வாசலுக்கே மீன்காரர் வருவார். பெரிய பாரையையும் விளைமீனையும் மட்டும் கேட்காமல் சூடை, சாளை, கீரி போன்ற சிறுமீன்களையும் வாங்குங்கள்; மலிவு, கொழுப்பும் நல்ல வகை, முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அவரே தூக்கிக் காட்டுவார். குளத்துத் திலாப்பியாவில் சேற்று மணம் இருந்தால், உப்பும் பழப்புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமைக்கலாம்.

வன்னி என்றால் வேட்டை இறைச்சி என்று கேள்விப்பட்டு ஆவலோடு வருபவர்களும் உண்டு. மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். ‘நல்ல சாமான் ஒன்று இருக்கிறது’ என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொலிசார் பிடித்தால் விற்றவர் மட்டுமன்றி வைத்திருந்தவரும் நீதிமன்றம் போக வேண்டிவரும்.

தேங்காய்ப்பாலைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அதை விலக்கிவிட்டு இங்கே சமைப்பது வீண் முயற்சி என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் பால்கறியும் சம்பலும் மூன்றும் இருந்தால் ஒருவர் அரைத்தேங்காயையே சாப்பிட்டுவிடக்கூடும். மூன்றில் ஒன்று போதும். சொதியை இரண்டாம், மூன்றாம் பாலில் வைத்து, கடைசியில் முதற்பாலை ஒரு கரண்டி மட்டும் விட்டால் சுவை குறையாது. தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே பிழிய வேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உப்பளம் உள்ள ஆனையிறவைக் கடந்து வந்தவர்கள் என்பதற்காக அதை மீற வேண்டியதில்லை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகிய மூன்றும் ஒரே இலையில் சேர்ந்தால் கறியில் போடும் உப்பைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

நீரும் நெருப்பும்

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நிலத்தடி நீரில் சுண்ணம் மிகுதி. பருப்பும் கடலையும் வேகக் கூடுதல் நேரம் எடுப்பதும் அதனால்தான். ஆனால் வவுனியாப் பக்கத்திலும் அதை அண்டிய பகுதிகளிலும் புளோரைட் மிகுந்த கிணறுகள் உண்டு. காரணம் முழுமையாகத் தெளிவாகாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. ஆகவே வாடகைக்கு வீடு பார்க்கும்போதே கிணற்று நீரைக் குடிக்கிறார்களா, குடிநீரை வெளியில் எடுக்கிறார்களா என்று அயலவரிடம் கேளுங்கள். பல ஊர்களில் வடிகட்டிய நீரைக் கலனில் விற்கும் நிலையங்கள் உண்டு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே பயன்படுத்தலாம். மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் இடப்படும்வரை கொதித்தாறிய நீரைத் தவிர வேறெதையும் குடிக்க வேண்டாம். நெருப்புக்காய்ச்சலும் (டைபாய்டு) வயிற்றோட்டமும் அந்தக் காலத்தில்தான் வரும்.

அடுப்புக்கு எரிவாயு உருளை எங்கும் கிடைக்கிறது. ஆயினும் 2022 இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு, இங்கே எவரும் விறகடுப்பை இடிப்பதில்லை. நீங்களும் வளவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது

சாப்பாட்டுக்கடைகளில் சைவம், மச்சம் என்று இரண்டு வகை. மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. பூரணை தினமான போயா நாளில் இறைச்சிக்கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நெருங்கும் நாட்களில், முல்லைத்தீவுப் பக்கத்தில் யாரையாவது மச்சச் சாப்பாட்டுக்கு அழைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

மத்தியானச் சோற்றுப் பார்சல் இருவருக்குப் போதுமானது என்பதை நான் ஆறு மாதம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்காமல் தருவார்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையிலும் ஓரளவு சரியாகச் சாப்பிடலாம். கொத்துறொட்டியை நான் விலக்கவில்லை. கல்லின் மேல் இரண்டு தகடுகளும் அடிக்கும் தாளம் கேட்டபின் விலகிப்போக என்னால் முடியாது. மாதத்தில் இரண்டு தடவை, எண்ணெயைக் குறைத்து, கோவாவும் முட்டையும் கூட்டிப் போடச் சொல்லி வாங்குகிறேன். உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதுவன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸ், பற்றிஸ், வாய்ப்பன் ஆகியவற்றைத் தேநீரோடு நாள்தோறும் பழக்கமாக்கிக்கொள்வதுதான் ஆபத்து. மேசையில் ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டுப் போவார்கள்; சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு ஆகிய இடங்களில் உள்ளன. குரக்கன் பிட்டு, தோசை, இலைக்கஞ்சி முதலியவற்றைக் கண்முன்னே செய்து தருவார்கள். விலையும் கையைக் கடிக்காது. சமைக்க நேரமில்லாதவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் அதுதான்.

குளிர்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள வண்ணக் குறியைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இளநீர் வீதியோரத்திலேயே கிடைக்கும்போது சிவப்புப் போத்தலை எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆனி, ஆடியில் காட்டோரக் கிராமங்களில் பாலைப்பழம் விற்பார்கள். தேன்போல் இனிக்கும், ஆனால் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். முதல் தடவை சாப்பிடுபவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வீடுகளுக்குப் போகும்போது

ஒரு பிற்பகலில் மூன்று வீடுகளுக்குப் போனால் மூன்று தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று கரண்டி சீனி. வேண்டாம் என்று முழுவதும் மறுப்பது மனத்தைப் புண்படுத்தும். “அக்கா, எனக்குச் சீனி போடாமல் பிளேன்ரீ தாங்கோ” என்று தேநீர் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். “சலரோகமோ தம்பி?” என்று நீரிழிவை எண்ணிக் கவலையோடு கேட்பார்கள், இல்லை, வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். சிலர் ஒரு துண்டு பனங்கட்டியைக் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான், ஆனால் கடித்துக் கடித்துக் குடிக்கும்போது சிறு துண்டே ஒரு கோப்பைக்குக் காணும். சலரோகமும் இரத்த அழுத்தமும் உண்டா என்று ஐயம் இருப்பவர்கள், அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மே மாதத்தின் நடுப்பகுதியில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் பெரிய கிடாரங்களில் கஞ்சி காய்ச்சி, வருவோர் போவோர்க்கெல்லாம் சிரட்டையிலோ குவளையிலோ கொடுப்பார்கள். அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே அதில் இருக்கும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் மக்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்த கஞ்சி அது. வாகனத்தை ஓரமாக நிறுத்தி இறங்கி வாங்குங்கள். சம்பல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். படம் எடுப்பதென்றால் அங்கு நிற்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுக்கும்போது, அதாவது புது நெல்லை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அறுத்த வயலின் புது அரிசியை அயலவர்கள் ஒரு சுண்டோ ஒரு கொத்தோ அளந்து உங்களுக்கும் கொண்டுவந்து தருவார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. இரண்டு வாழைப்பழமோ ஒரு தேங்காயோ வைத்துக் கொடுங்கள். புது அரிசி பழைய அரிசியளவு நீர் இழுக்காது, வழக்கமான கணக்கில் வைத்தால் குழைந்துவிடும். சோறாக்க வேண்டுமென்றால் நீரைக் குறையுங்கள். குழைந்தே போய்விட்டால் பாலும் பயறும் சேர்த்துப் பொங்கலாக்கிவிடலாம்.